தம்பியின் பழைய மூச்சுக் கருவி

புளியங்குளம்,
18.04.2005

அன்புள்ள தம்பி விஜிதரனுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. நானும் அழகம்மாவும் பிள்ளை பிரேமிளாவும் இருக்கிறோம். நீயும் உன் மனைவி பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். அப்பா இறந்ததை அறிவித்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். காரணம் இல்லாமல் எழுதுகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

போன மாதம் பொன்னையாவின் மகன் சுவிஸிலிருந்து வந்திருந்தான். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அதே பொன்னையாதான். கடை வாசலில் பத்துப் பேரை நிற்கவைத்து உன்னைப் பற்றிக் கதை சொன்னான். "விஜிதரன் அண்ணை இரவில யானைக்குட்டி மாதிரித்தான் படுக்கிறவர். மூக்கில ஒரு தும்பிக்கை, பக்கத்தில ஒரு பெட்டி. அவற்ற மனிசி இப்பத்தான் நிம்மதியா நித்திரை கொள்ளுறாவாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கருவிக்கு நீ ஒரு சதமும் கொடுக்கவில்லை, காப்புறுதிக்காரர்களே தந்தார்கள், ஐந்து வருடமாகிவிட்டதால் வருகிற குளிருக்கு முன் புதியது ஒன்றும் தரப்போகிறார்கள், பழையதை நீயே வைத்துக்கொள்ளலாமாம் என்றும் சொன்னான். அப்போது நான் சிரிக்கவில்லை.

எனக்கும் அதே வருத்தம்தான், நித்திரையில் மூச்சு நின்றுபோகும் நோய். மூன்று வருடமாகப் பகலில் விழித்திருக்க முடியவில்லை. கூட்டத்தில், கதிரையில், சாப்பாட்டுக்கு முன்னால், பேசிக்கொண்டிருக்கும் போதே தலை விழுகிறது. சோம்பேறி என்றார்கள். குடிக்கிறேன் என்று அலுவலகத்தில் ஒருவன் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். போன மார்கழியில் கொழும்புக்குப் போய் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒரு இரவு படுத்துப் பரிசோதனை செய்தேன். அதற்கே அழகம்மாவின் சங்கிலி போய்விட்டது. மணித்தியாலத்துக்கு நாற்பத்தொரு தடவை என் மூச்சு நின்று நின்று வருகிறதாம். தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறது, இரத்த அழுத்தமும் கூடியிருக்கிறது, கருவி இல்லாமல் எத்தனை நாள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். கட்டையான கழுத்து பரம்பரையாக வரும் என்று சொல்லி அளவு நாடாவை என் கழுத்தில் சுற்றினார். எனக்கு அப்பாவின் கழுத்து நினைவுக்கு வந்தது. மல்லாவியில் இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் அப்பா விடிந்தும் எழும்பாமல் கிடந்தபோது மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு அவருடைய குறட்டை நடுவில் நின்றதைக் கேட்டவன் நான். அப்பா இப்போதாவது அமைதியாகத் தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

என் தொழிலைப் பற்றியும் நீ அறிந்திருக்க மாட்டாய். பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியனாக இருந்தேன். நிரந்தர நியமனப் பட்டியல் வந்தபோது என்னிடம் படித்தவனின் பெயர் அதில் இருந்தது, என் பெயர் இல்லை. தோட்டக்காட்டானுக்கு எதற்கு நியமனம் என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். அவருடைய மகளுக்கும் நான்தான் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது இரண்டு வருடமாகக் கண்ணிவெடி அகற்றும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். நிலத்தின் வரைபடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு.

இங்கே எங்களுக்கும் காப்புறுதி உண்டு. புதிதாக ஆட்கள் சேரும்போது அந்தப் பத்திரத்தைத் தமிழில் உரக்க வாசித்துக் காட்டுவது நான்தான். ஒரு கண்ணுக்கு இவ்வளவு. இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் என்றால் ஒரு தொகை, முழங்காலுக்கு மேலே என்றால் இன்னொரு தொகை. கட்டைவிரலுக்கு ஒரு விலை, சுண்டுவிரலுக்கு ஒரு விலை. மூச்சு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் விண்ணப்பித்தேன். வீட்டில் பாவிக்கும் உபகரணம் சிகிச்சை ஆகாது, இந்த நோய் தொழிலால் வந்ததும் இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஊழியருக்கு வரும் கடிதங்களின் தமிழ்ப் பிரதி கோப்பில் இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ஆகவே எனக்கு வந்த மறுப்பை நானே மொழிபெயர்த்து, சரிபார்த்து, கீழே கையெழுத்தும் வைத்தேன். பிழை ஒன்றும் இல்லை.

கொழும்பில் அந்தக் கருவியின் விலை எனக்குப் பதினான்கு மாதச் சம்பளம். விற்பதற்குக் காணி இருந்தால் விற்கலாம். காணி என்ன ஆனது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உன்னிடம் அறிய விரும்புவது இரண்டே விபரம். உன் கருவி பன்னிரண்டு வோல்ற் பற்றறியில் ஓடுமா? இங்கே இன்னும் மின்சாரம் இல்லை, சந்தியில் பற்றறிக்குச் சார்ஜ் போட்டுத் தருகிறார்கள். இரண்டாவது, ஐந்து வருடம் பாவித்த கருவி மேலும் எத்தனை வருடம் உழைக்கும் என்று உங்கள் வைத்தியர்கள் சொல்கிறார்கள்?

இது விபரம் அறிய எழுதும் கடிதம் மட்டுமே. உதவி கேட்டு எழுதியதாக உன் மனைவியிடமோ அவர் வீட்டாரிடமோ சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பழனியாண்டி யோகலிங்கம்


புளியங்குளம்,
10.07.2005

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தொலைபேசி விஷயத்தை எழுதிவிடுகிறேன். என் கடிதம் கிடைத்ததும் வைகாசி தொடக்கத்தில் நீ சந்தித் தொலைபேசிக் கடைக்கு அழைத்தாய். அழகம்மா போய்ப் பேசினாள். "அண்ணேவ வரச் சொல்லுங்க மதினி. என்னா வேணும்னு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்" என்றாயாம். நான் அலுவலகத்தில் இருப்பதாக அவள் உன்னிடம் சொன்னாள். அது பொய். நான் கடைக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கையைக் காட்டிக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. கெஞ்சவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அழகம்மா படலையைத் திறந்துகொண்டே, "ஒங்க ரோசத்த தலைக்கு வச்சுப் படுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான்தான் எழுத வேண்டும்.

என் நித்திரை வியாதி தீர வேண்டும் என்று அழகம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். கோயிலின் வைகாசிப் பொங்கல் நாளில் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் பிரேமிளாவை ஏற்றிக்கொண்டு நான் போனேன். அலுவலக மோட்டார் சைக்கிளில் போனேன். வேறு ஆட்களை அதில் ஏற்றக்கூடாது என்ற விதியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நான்தான். இரவு முழுவதும் கோயிலில் விழித்திருந்துவிட்டு விடிந்ததும் புறப்பட்டோம். நெடுங்கேணி தாண்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவு இல்லை.

பிள்ளை கத்திய சத்தத்தில் கண் விழித்தேன். மோட்டார் சைக்கிள் ஒரு கறையான் புற்றில் முட்டி நின்றிருந்தது. விழவில்லை. என் இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருந்தன. திரும்பிப் பார்த்தால் வீதி பத்து மீற்றர் பின்னால் இருந்தது. வீதிக்கும் எங்களுக்கும் நடுவில் அறுந்த சிவப்பு நாடாவும், மண்டையோடு வரைந்த பலகை ஒன்றும் கிடந்தன. தொண்ணூற்றேழில் இரண்டு தரப்பும் மாறி மாறிப் புதைத்த நிலம் அது. அந்த மூலையின் வரைபடத்துக்குக் குறிப்பு எழுதியவன் நான். அதில் எத்தனை வெடி எதிர்பார்க்கப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

கண்ணிவெடி நிலத்துக்குள் போய்விட்டால் ஒரு அடியும் நகரக்கூடாது. போன வழியே திரும்பவும் கூடாது. ஐந்நூறு பிள்ளைகளுக்குப் பாடசாலை பாடசாலையாகப் போய் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரேமிளாவும் அதைக் கேட்டவள்தான். காலை மிதிபடியிலிருந்து எடுக்காமல் என் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பொங்கல் முடிந்து வந்த ஒரு உழவு இயந்திரத்துக்காரர் எங்களைக் கண்டுவிட்டு எங்கள் முகாமுக்குப் போய்ச் சொன்னார். நல்லதம்பி ஆட்களோடு வந்தார். அவர் எங்கள் பிரிவுத் தலைவர், தருமபுரத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர், நான் ஆசிரியனாக இருந்ததால் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். வீதி ஓரத்தில் முழங்காலில் இருந்து வெடி தேடும் கருவியைப் பிடித்தபடி, ஒரு மீற்றர் அகலத்துக்கு எங்களை நோக்கி ஒரு பாதை திறக்கத் தொடங்கினார்.

மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. தம்பி, அந்த மூன்றரை மணித்தியாலத்தில் எனக்குப் பயம் வந்தது, வியர்வை வந்தது, எல்லாவற்றோடும் நித்திரையும் வந்தது. நான் சரிந்தால் மோட்டார் சைக்கிள் சரியும். அது சரிந்தால் பிள்ளை எங்கே விழுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் மூடிக்கொண்டு போனது. என் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்து, காதைக் கிள்ளி, "தூங்காதீங்கப்பா, தூங்காதீங்கப்பா" என்று அவள் அழுதாள். நல்லதம்பி நிலத்திலிருந்து தலையை எடுக்காமல் குரல் கொடுத்தார். "பிள்ளை, அழாதேங்கோ. அழுதால் சேருக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும். கதை குடுத்துக்கொண்டிருங்கோ. அவருக்குக் கோவம் வாற மாதிரி ஏதும் கேளுங்கோ."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்தப்பாவோட ஒங்களுக்கு என்னா சண்டை? மொதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பத்து மீற்றருக்கு அப்பால் ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டிருக்கச் சத்தமாகவே சொன்னேன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வந்து, அப்பா காடு வெட்டித் திருத்திய மூன்று ஏக்கரை விற்று உன்னை அனுப்பியதைச் சொன்னேன். இரண்டு வருடத்தில் என்னையும் கூப்பிடுவதாக நீ சொன்னதைச் சொன்னேன். உன் கலியாண அழைப்பிதழில் அப்பாவின் பெயரைப் பழனியாண்டி என்று போடாமல் பழனி என்று போட்டாயே, உன் பெண் வீட்டாருக்குத் தோட்டத்து வாடை அடித்துவிடும் என்று பயந்து, அதைச் சொன்னேன். அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டியவன் நான். "அச்சுக்காரன் வுட்டுட்டான் போல" என்றார் அவர். கருமாதிக்கு நீ ஒரு வரிகூட எழுதாததைச் சொன்னேன். பிறகு எழுதிய ஒரே கடிதத்தில், படித்து என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டிருந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நித்திரை போனது. உன் மேல் இருந்த கோபம் இல்லாவிட்டால் அன்று நானும் இல்லை, என் பிள்ளையும் இல்லை. இதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதே.

ஆனால் அது முடிந்துவிட்டது. நான் எப்போதும் நினைத்திருந்தது, உன் மேல் எனக்குள்ள குறையை ஒரு நாள் முழுக்கச் சொன்னாலும் தீராது என்று. கால் மணித்தியாலத்தில் தீர்ந்துவிட்டது. பிரேமிளா காத்திருந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். "வேற இல்லையா? யோசிச்சுப் பாருங்க." யோசித்தேன். வேறு இல்லை. அடுத்த நிமிடம் தூங்கிப்போனேன். அவள் என் தோளைக் கடித்து எழுப்பினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நல்லதம்பி வழியில் இரண்டு எடுத்தார். இரண்டாவதை எடுத்துவிட்டு, "சேர், இந்த மூலைக்கு வரைபடத்தில நீங்கள் எத்தினை எழுதினனீங்கள்?" என்று கேட்டார். ஆறு என்றேன். "அப்ப இன்னும் நாலு உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருக்கு. முழிச்சுக்கொண்டிருங்கோ" என்றார். கடைசியில் பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நான் வைக்க வேண்டிய ஒவ்வொரு அடியையும் விரலால் தொட்டுக் காட்டியபடி முன்னால் போனார். வீதிக்கு வந்ததும் பிரேமிளா வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு சைக்கிளில்கூட ஏறுவதில்லை. கேட்டால் நடக்கப் பிடிக்கும் என்கிறாள்.

விசாரணை நடந்தது. பணிப்பாளர் நல்ல மனிதர்தான், கதிரை தந்து உட்காரவைத்துப் பேசினார். விதியை மீறியதற்கும், வாகனத்தில் தூங்கியதற்கும் ஒப்பந்தத்தை ஆவணி முப்பத்தோராம் திகதிக்குப் பின் நீட்டிக்க முடியாது என்றார். நோய் என்றேன். நோயாளியைக் கண்ணிவெடி நிலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க முடியாது என்றார். சம்பளத்தோடு காப்புறுதியும் அன்றோடு முடிகிறது. தூங்கி விழுகிறவனுக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை தருவார்கள்?

போன திங்கட்கிழமை பன்னிரண்டு புது ஆட்கள் சேர்ந்தார்கள். வழமைபோலப் பத்திரத்தை வாசித்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் என்ற வரிக்கு வந்ததும் என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தொகையில் கருவியும் வாங்கலாம், இரண்டு பற்றறியும் வாங்கலாம், பிள்ளை பள்ளி முடிக்கும் வரைக்கும் மிச்சமும் இருக்கும். ஆவணி முடியும் வரை எனக்கு அந்த உரிமை இருக்கிறது. கண்டுபிடித்து இன்னும் எடுக்காத வெடிகளுக்கு நட்ட கம்புகள் எங்கே நிற்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துப் புதுப் பெடியள் சிரித்தார்கள். நல்லதம்பி எழுந்து வந்து தாளை என் கையிலிருந்து வாங்கி மீதியைத் தானே வாசித்தார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "சேர், அந்தக் கணக்கை இங்க எல்லாரும் ஒருக்காப் போட்டுப் பாத்தவைதான். நானும் போட்டனான். விடுங்கோ" என்றார். தாளை மடித்து என் கையில் தந்துவிட்டு, "என்ர பகுதியில ஆருக்கும் காயம் பட்டால் முதல் போறது என்ர வேலை. எனக்கு மூண்டு பிள்ளையள்" என்றும் சொன்னார்.

அந்த வழியும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த நிலத்தில் பாதை திறந்தவனின் சோற்றில் நான் கை வைக்க முடியாது.

இப்போது இரவில் அழகம்மா படுப்பதில்லை. என் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறாள். மூச்சு நிற்கும்போது தோளில் அடித்து, "விடுங்க, மூச்ச விடுங்க" என்கிறாள். விடியற்காலையில் அவளுக்குக் கண் சொருகும்போது பிரேமிளா எழுந்து அவள் இடத்தில் உட்காருகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியை ஆள் அனுப்பியிருந்தார். ஒரு வீட்டில் மூன்று பேருக்கும் என் நோய் வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு முன் அந்த ஒரு நேரத்தில் பிள்ளையும் தூங்கிப்போனாள். நான் எப்படியோ எழுந்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, உதடு நீலம் என்று அழகம்மா சொன்னாள். தன்னால்தான் என்று பிள்ளை அன்று முழுவதும் சாப்பிடவில்லை. என் வயதில் அவள் என்ன சொல்லிக்கொண்டு திரிவாள் என்று யோசித்தேன். நான் அப்பாவின் பக்கத்தில் திரும்பிப் படுத்ததைத்தானே இன்றைக்கும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஆகவே தம்பி, நீ கேட்டபடி என் வாயால் சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்பதால் எழுத்தில் சொல்கிறேன். உன் பழைய கருவியை எனக்குத் தா. எனக்கு வேண்டும். காணிக்குக் கணக்காக வேண்டாம், அந்தக் கணக்கை நான் முடித்துவிட்டேன். தம்பியிடம் அண்ணன் கேட்பதாக எடுத்துக்கொள். பணம் வேண்டாம். பற்றறிக்கு நான் எப்படியாவது வழி பார்த்துக்கொள்கிறேன். குழாயும் முகமூடியும் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அழகம்மா கழுவிவிடுவாள். வைத்தியரின் கடிதத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கொண்டு வருகிறவரிடம் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இது என்ன பெட்டி என்று கேட்டால் அதைக் காட்டச் சொல். வரும்போது நான் எந்த நிலையில் இருந்தாலும் பிரேமிளா வாங்கி வைப்பாள். அவளுக்கும் நம் அப்பாவின் கழுத்துத்தான்.

ஒன்று மட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று நீ அவசரப்படுவாய். உன் குணம் எனக்குத் தெரியும், இரக்கம் வந்தால் யோசிக்க மாட்டாய். புதியது வந்து, அதைப் பூட்டி, அது சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு கிழமை படுத்துப் பார்த்த பிறகு அனுப்பு. ஐப்பசி ஆனாலும் கார்த்திகை ஆனாலும் பரவாயில்லை. அதுவரை நான் உட்கார்ந்தபடியே தூங்கிச் சமாளிப்பேன். நீ அது இல்லாமல் ஒரு இரவுகூடப் படுக்காதே.

உன் அண்ணன்,
யோகலிங்கம்